உள்ளங்கையளவு கல்யாண ஆல்பம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். மின்விசிறிக்கு நேர் கீழே, பாயில் என் நாத்தனார் இளவரசி. கத்தரிக்கோலும் மைதா பசைக் கிண்ணமும் அவள் பக்கத்தில். அவளுக்கு எதிரே, சுவரில் முதுகைச் சாய்த்தபடி, என் கணவருடைய சித்தப்பா மகன் செம்பியன். வாசல் பக்கம் இருந்த ஒரே நாற்காலியில் புது மாப்பிள்ளை ராஜமாணிக்கம். ஆடி விருந்துக்குக் கடலூரிலிருந்து வந்தவர். ஆடி மாதம் என்பதால் பெண்டாட்டியை இங்கே விட்டுவிட்டுச் சாயங்காலப் பஸ்ஸில் திரும்பிவிட வேண்டியவர். சமையலறை நிலைப்படியில் வெற்றிலைத் தட்டோடு என் மாமியார் ரத்தினம்மாள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் மாப்பிள்ளையும் தெரியும், சுவர்க் கடிகாரமும் தெரியும். நான் டி.வி. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், தாளும் பேனாவுமாக. இந்த வீட்டில் கடிதம் எழுதுவது எப்போதும் என் வேலை.

இல்லாதவர் ஒருவர், என் கணவர் இளவரசு. கத்தாரில், தோகாவில் வேலை. அவருக்காகத்தான் இத்தனை பேரும் உட்கார்ந்திருந்தோம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் வருஷம் ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் இளவரசிக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆடிக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்றார்கள். என் கணவருக்கு ஆவணியில்தான் லீவு. மாமனார் இல்லாத வீடு. நல்ல சம்பந்தம் கைநழுவிவிடக் கூடாது என்று அத்தை சரி என்று சொல்லிவிட்டார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பத்திரிகை அடித்து முடித்த பிறகுதான் மகனுக்கு போன் போட்டுச் சொன்னார். அன்றைக்குக் கோபித்துக்கொண்டவர்தான் என் கணவர். சம்பளம் வந்ததும் பணம் அனுப்பினார், என்னோடு பேசினார், அம்மாவோடு இரண்டு வார்த்தை பேசினார். தங்கச்சி போன் போட்டால் மட்டும் எடுப்பதில்லை.

"அவள கேட்டா தேதி வெச்சாங்க?" என்று நான் போனில் அவரிடம் கேட்டேன்.

"அவ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல, அண்ணன் வரட்டும்னு? கல்யாண போட்டோன்னு எதையும் அனுப்பாத. வந்தாலும் பிரிக்க மாட்டேன்."

இளவரசி இதை என்னிடம் எத்தனை முறை கேட்டுத் தெரிந்துகொண்டாள் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும், "வேற எதுவும் சொல்லலியா அண்ணி?" என்று முடிப்பாள். கல்யாணமான பெண் முகத்தில் அந்தக் கேள்வி நன்றாகவே இல்லை.

அப்போதுதான் பரங்கிப்பேட்டை ஹமீது பாய் லீவு முடிந்து தோகா திரும்புகிறார் என்று தெரிந்தது. என் கணவர் தங்கியிருக்கும் கேம்ப்பில்தான் அவரும். செம்பியன் போய்க் கேட்டதற்கு, "என் பொட்டியே ஜாஸ்தி வெயிட்டு தம்பி. கை அளவு ஒரு கவர் குடுங்க, கொண்டு போறேன்" என்று சொல்லிவிட்டார். ஸ்டூடியோக்காரர் போட்டுக் கொடுத்திருந்த ஆல்பமோ தலையணை அளவு.

"அப்ப ஒண்ணும் அனுப்ப முடியாது" என்றாள் இளவரசி.

"சின்னதா இருக்கிறதுதான் நல்லது" என்றேன் நான். என் கணவரை எனக்குத் தெரியும். பெரிய பார்சலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மறந்துவிடுவார். சின்னப் பொருள் ஒன்று கையில் அகப்பட்டால் திறந்து பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. கல்யாணமான புதிதில் என் கைக்கடிகாரத்தையே கழற்றிப் போட்டவர். ஆகவே உள்ளங்கையில் அடங்குகிற ஆல்பம் ஒன்று செய்வது, ஒவ்வொரு பக்கத்திலும் இழுக்கவோ பிரிக்கவோ ஏதாவது ஒன்று வைப்பது என்று முடிவாயிற்று.

பக்கங்களுக்கு மிச்சமிருந்த கல்யாணப் பத்திரிகைகள். கெட்டி அட்டை, பின்பக்கம் வெறும் வெள்ளை. இளவரசி அதை மஞ்சள் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, மேலே கரண்டிகளை வைத்து மின்விசிறிக் காற்றில் காயப்போட்டாள். படங்களுக்கு ஸ்டூடியோக்காரர் முதலில் கொடுத்த மாதிரித் தாள்கள். எந்தப் படம் வேண்டும் என்று நாம் குறித்துக் கொடுப்பதற்காக, ஒரே தாளில் தபால்தலை அளவில் நிறைய படங்கள் அச்சடித்துத் தருவார்களே, அதுதான். கட்டுவதற்குப் பட்டுப்புடவை முந்தானைக் குஞ்சத்தில் உதிர்ந்த நூல்.

பந்திப் பக்கத்துக்குப் பச்சைத் தாளில் வாழையிலை வெட்டி, மடித்து ஒட்டினாள். இலையைப் பிரித்தால் உள்ளே செம்பியன் வாயைத் திறந்துகொண்டு வடை தின்கிற படம்.

"ஏங்க்கா, இத்தன படத்துல இதுதானா கெடச்சுது?"

"நீ வாய மூடிக்கினு இருக்கிற படம் ஒண்ணு காட்டு, மாத்திடறேன்" என்றாள் இளவரசி. நாற்காலியில் இருந்த ராஜமாணிக்கம் இருமுவதுபோல் சிரித்தார்.

தாம்பூலப் பையின் துணியை வெட்டி ஒரு பக்கத்தில் குட்டிப் பையாகத் தைத்தோம். அதற்குள் நூல் கட்டிய ஒரு சீட்டு; இழுத்தால் சாப்பாட்டு வகைகள் வரிசையாக வெளியே வரும். ஊர்வலப் படத்தை விசிறிபோல் மடித்து ஒட்டியதில் கார், மேளம், என் கணவருடைய சித்தப்பாவின் நடனம் என்று ஒவ்வொன்றாக விரிந்தது. அட்சதை அரிசியை ஒட்டலாம் என்று செம்பியன் சொன்னதற்கு, "அவன் அங்க போயி சேர்றதுக்குள்ள வண்டு வெச்சிடும்" என்று அத்தை நிலைப்படியிலிருந்தே தள்ளிவிட்டார்.

எல்லாம் நன்றாகப் போனது, மோதிரப் பக்கம் வரும்வரை.

மணவறையில் பெண்ணின் உடன்பிறந்தான் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவது வழக்கம். மச்சான் மோதிரம் என்போம். அண்ணன் இல்லாததால் செம்பியன் போட்டான். மாதிரித் தாளில் அந்தக் காட்சி ஐந்தாறு கோணத்தில் இருந்தது. எல்லாவற்றிலும் செம்பியன்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"இதப் பாத்தா அண்ணனுக்கு இன்னும்தான் ஏறும்" என்றாள் இளவரசி.

"விட்டுடலாம்" என்றேன்.

"விட்டா மட்டும் தெரியாதா? மொதல்ல இதத்தான் தேடும்."

"என் தலைய வெட்டிடுங்க" என்றான் செம்பியன் தாராளமாக. "அண்ணன் தலைய ஒட்டுங்க. ஒடம்பு நான் குடுக்கறேன்."

வேறு வழி தெரியாமல் அதையும் செய்து பார்த்தோம். என் கணவரின் பாஸ்போர்ட் படத்திலிருந்து வெட்டிய தலை செம்பியன் கழுத்தில் பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்தது. மணவறையையே மறைத்தது. நான் சிரித்தேன், செம்பியன் புரண்டான். இளவரசியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தத் தலையை எடுத்துத் தனியாக வைத்தவள், பிறகு சிரிக்கவில்லை.

"பொய்யா ஒட்டி அனுப்பினா நல்லா இருக்காது அண்ணி. அண்ணன் இல்லாமத்தான் நடந்துச்சு. அத எப்படி மறைக்கறது?"

அந்தப் பக்கம் வெறும் மஞ்சளாகவே கிடந்தது.

அந்த நேரம் பார்த்து அத்தை எழுந்து வந்தார். "எங்க, எம்மாம் ஆயிருக்குது, காட்டு" என்று குனிந்து மேல் அட்டையை எடுத்தார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரல். எடுத்த இடத்தில் ரத்தச் சிவப்பாக ஒரு ரேகை.

"அம்மா!" என்று இளவரசி போட்ட கூச்சலில் ராஜமாணிக்கம் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "முன்னாடி அட்டம்மா அது! தொடைக்காத, தொடைக்காத, இழுவிடும்!"

"நான் என்னாடி பண்ணேன்? சும்மா தொட்டேன்." அத்தை விரலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

செம்பியன் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான். "அக்கா, இது ஆரத்தி கலர்."

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது எங்களில் யாருக்குத் தெரியாது? மூன்று வாரத்துக்கு முன்னால் இதே வாசலில் தட்டில் கரைத்து மாப்பிள்ளை பெண்ணைச் சுற்றிக் கொட்டியிருக்கிறோம். தாளில் அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இளவரசி கொஞ்ச நேரம் அந்த ரேகையையே பார்த்தாள். பிறகு ஒரு தீக்குச்சியின் பின்முனையைச் சுண்ணாம்பு டப்பாவில் தொட்டு, வாழையிலைப் பக்கத்தின் ஓரத்தில் புள்ளி வைத்தாள். வெள்ளையாக வைத்தது கண்ணெதிரே சிவந்தது. "ஐ!" என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி. அதற்குப் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. ஓரமெல்லாம் புள்ளிக்கோலம். செம்பியன் ஊர்வலக் காருக்குப் புகை வரைந்தான். நான் ஊக்கின் வளையத்தால் சங்கிலி வரிசை போட்டேன்.

"மேல் அட்டைக்கு வேற பத்திரிகை எடுத்துக்கலாமா அத்தை?" என்று கேட்டேன்.

"வாணாம், இருக்கட்டும்" என்றார் அத்தை. "அவன் கோவப்பட வேண்டியது என் மேல. தேதி வெச்சவ நானு. அதுல என் கை இருக்கட்டும், பாக்கட்டும்."

அத்தை அப்படி வெளிப்படையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அதுவரை நாற்காலியோடு இருந்த ராஜமாணிக்கம் வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். காலியாக இருந்த பக்கத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றினார்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் இளவரசி.

அவர் மோதிரத்தைச் சுண்ணாம்பில் ஒற்றி, மஞ்சள் பக்கத்தின் நடுவில் அழுத்தி எடுத்தார். முத்திரை குத்தியதுபோல் ஒரு வட்டம். மெல்ல மெல்லச் சிவந்தது. மோதிரத்தை வேட்டி நுனியால் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"பீரோவுல வெச்சிருங்க தங்கச்சி. ஆவணியில மச்சான் வருவாரு இல்ல, அவரு வந்து போடட்டும். அது வரைக்கும் நான் போட்டுக்கல."

"அப்ப நான் போட்டது?" என்றான் செம்பியன்.

"அது ரிகர்சல் மச்சான்."

"ரிகர்சலுக்கே எனக்கு வேட்டி சட்ட எடுத்துக் குடுத்தாங்க மாமா. திருப்பிக் கேக்காதீங்க."

இளவரசி குனிந்து வட்டத்துக்குள் ஊதிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே காய்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை.

பக்கங்களை அடுக்கி, துளையிட்டு, பட்டு நூலால் கட்டினோம். உள்ளங்கையில் வைத்து மூடினால் விரல்கள் ஒன்றை ஒன்று தொட்டன. பிறகு நான் கடிதம் எழுதினேன். நலம், நலமறிய அவா என்று தொடங்கி, யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதி, எந்தப் பக்கத்தில் எதை இழுக்க வேண்டும், எதைப் பிரிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். சிவப்பு வட்டத்தைப் பற்றி மட்டும் விளக்கவில்லை. 'மோதிரம் பீரோவில் இருக்கிறது. உங்கள் தங்கச்சி மாப்பிள்ளை விரல் காலியாக இருக்கிறது. லீவை மாற்றிவிடாதீர்கள்' என்று முடித்தேன்.

"நான் ஒரு வரி எழுதட்டா அண்ணி?" என்று பேனாவை வாங்கினாள் இளவரசி. நெடுநேரம் யோசித்தாள். கடைசியில், 'அண்ணா, போன எடு' என்று மட்டும் எழுதினாள்.

ஆல்பத்தையும் கடிதத்தையும் கவருக்குள் வைத்து, மிச்சமிருந்த பசையை ஓரம் முழுக்கத் தடவி ஒட்டினேன். அத்தை நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்தார், இந்த முறை கையைக் கழுவிக்கொண்டு. பரங்கிப்பேட்டைக்குப் போக வாசலில் செம்பியன் பைக்கைக் கிளப்பினான். கவரைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

"பஸ் ஸ்டாண்டுல என்னையும் எறக்கி விட்டுடு மச்சான்" என்று ராஜமாணிக்கம் பின்னால் ஏறினார்.

"ரோட்டப் பாத்துப் போடா" என்றாள் இளவரசி. "கவரு கசங்கிடப் போவுது."

"புருஷன் ஒக்காந்திருக்காரு, கவரப் பத்திப் பேசுது பாருங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே அவன் வண்டியை எடுத்தான்.