வெள்ளை மணி

இந்தக் காலத்துச் சனத்துக்கு எதையும் கெதியாக முடித்துவிட வேண்டும். சோறு கெதியாக வேக வேண்டும், பிள்ளை கெதியாக இங்கிலீசு பேச வேண்டும். ஆள் காணாமல் போனால் தேடுவதற்குப் பஞ்சி, உடம்பு வளையாது. படத்துக்கு மாலையைப் போட்டு, நாலு பேருக்குச் சோறு கொடுத்து, கையைக் கழுவிவிட்டு டிவிக்கு முன்னால் போய்க் குந்திவிடுவார்கள். பெற்ற மகளும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்ததைத்தான் சாமித்தம்பியால் பொறுக்க முடியவில்லை.

சுனாமி கொண்டுபோன அவர் பெண்சாதி மங்கையற்கரசியின் உடல் கிடைக்கவில்லை. உடலைக் காணாமல் செத்தவர்களுக்குச் செய்கிற கடமையைச் செய்யமாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். சண்டை முடிந்த பிறகு அந்தப் பிடி இன்னும் இறுகியது. மாங்கேணி வினாயகமூர்த்தி செத்துப்போனான் என்று எல்லாச் சாவுச் செலவும் செய்து முடித்திருந்தார்கள். அவன் தடுப்பு முகாமிலிருந்து தாடியோடு வந்து, தன் படத்து மாலையைத் தானே கழற்றினான்.

இந்தச் சித்திரைப் பறுவத்துக்கு, பூரணை நாளில், மாமாங்கக் கோயில் குளத்தடியில் அம்மாவுக்குக் கடமை செய்ய ஐயரிடம் சொல்லிவைத்திருந்தாள் மகள் பிரஷாந்தி. மகன் இல்லாத வீடு. எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டியவர் அவர்தான்.

"ஒருக்காப் பாருங்க அப்பா. பாத்தும் ஏலாதெண்டா, நான் இனிக் கேக்கமாட்டன்."

பார்க்கச் சொன்னது, அவளும் காத்தான்குடி அப்ஹாமும் செய்துகொண்டிருந்த கணினி விளையாட்டை. கம்பனி ஒன்றும் கிடையாது. இரண்டு பேர், இரண்டு கணினி, இந்த வீட்டு முன்னறை. மணலும் தண்ணீரும் இலட்சக்கணக்கான மணிகளாக அதற்குள் இருந்தன. ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியை இடிக்கும், தள்ளும், ஈரம் பட்டால் ஒட்டும். விளையாடுகிறவர் முகத்துவாரத்து மணலை வெட்டி வாவியைக் கடலோடு விடலாம், அணை கட்டி ஊரைக் காக்கலாம். இணையத்தில் விற்பார்களாம்.

"கதிரையில இருங்க ஐயா," என்றான் அப்ஹாம்.

"நிண்டே பாக்கிறன். விடிய விடியவா கூத்துக் காட்டப் போறீங்க."

அப்ஹாம் மவுசைத் திருப்பினான். பருந்து பார்க்கிற உயரத்திலிருந்த முகத்துவாரம் நண்டு பார்க்கிற உயரத்துக்கு இறங்கியது. மணல், சவுக்கு மரங்கள், பெட்டி பெட்டியாக வீடுகள்; சுனாமிக்கு முன் அவர்கள் குடியிருந்த கரை.

"என்ட கிணத்தக் காணல்ல."

"கிணறும் வச்சா மெசின் இழுக்காது ஐயா. இப்பவே மூச்சு வாங்குது."

"கிணறில்லாத வீட்டில என்னத்தக் குடிச்ச நாங்க?"

பிரஷாந்தி ஒரு வீட்டு வாசலில் வெள்ளை மணி ஒன்றை வைத்தாள். "இது அம்மா."

"பெத்த தாய மணியாக்கிப் போட்டாய். சனம் காசு குடுத்து உருட்டி விளையாடுமாக்கும்."

"விளையாட்டில இது வராது. உங்களுக்குக் காட்ட வச்ச."

கணினியின் விசிறி இரைந்தது. கடல் அலையாக வரவில்லை; நிலமே எழும்பி நடந்து வந்ததுபோல் வந்தது. பெட்டிகள் உடைந்தன. மணிகள் வாவிக்குள் பாய்ந்து, பிறகு எல்லாம் ஒன்றாகத் திரும்பி, முகத்துவார வாய் வழியாகக் கடலுக்கு இழுபட்டன. வெள்ளை மணி வெகு தூரத்தில், ஆழத்தில் கிடந்தது. அதைச் செய்தவளோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எழுதினது, நீ சொன்னபடி கேக்குது. அவ்வளவுதான்."

"எங்க போகோணுமெண்டு நான் எழுதல்ல அப்பா. இடிச்சா எப்பிடித் தள்ளுமெண்டு மட்டும்தான் எழுதியிருக்கு. ஒவ்வொரு தரமும் இடி கொஞ்சம் மாறும்."

"அப்ப மறுகா ஓட்டு."

ஓட்டினாள். மறுபடியும் கடல்தான். முகத்துவார வாயை மணலால் அடைத்துவிட்டு ஓட்டச் சொன்னார். தண்ணீர் மணலை உடைத்தது. மணி அப்போதும் கடலுக்கே போனது. "மறுகா," என்றார். "மறுகா." அப்ஹாம் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது.

அடுத்த தடவை வெள்ளை மணி வாவியைக் கடந்து, அக்கரைச் சேற்றில் நின்ற கண்டல் மரங்களின் வேருக்குள் போய் மாட்டியது. தண்ணீர் வடிந்தது. மணி அங்கேயே நின்றது.

மறுபடி ஓட்ட, அப்ஹாம் அதை அழிக்கப் போனான். சாமித்தம்பி அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கை வைக்காத."

"அப்பா, எத்தின தரம் கடலுக்குப் போன. அதெல்லாம் கணக்கில்லையா?"

"ஒருக்காப் போகல்லத்தானே."

"கண்டலுக்க நிண்டாலும் மனிசி தண்ணிக்குள்ள மூச்சு விடேலுமா?"

"இத ஆரு சொன்ன, உன்ட பெட்டியா?"

"நான் சொல்றன்." அவள் எழும்பி நின்றாள். "அம்மாவ நினைச்சு எனக்கு ஒருக்கா அழோணும் அப்பா. இவ்வளவு காலமா நீங்க விடுறீங்களில்ல. அழுதா, அவ செத்ததெண்டு நான் சொன்னதாப் போயிருமாம்."

"நானா உன்ட வாயப் பொத்தின? அழு. ஐயரிட்ட மட்டும் சொல்லு, நான் வரமாட்டனெண்டு."

அப்ஹாம் கையைத் தடவிக்கொண்டே கேட்டான். "அப்ப அந்தக் கண்டல நம்புறீங்களா ஐயா?"

"உங்கட பெட்டியில நான் ஒண்டையும் நம்பல்ல தம்பி. கடலுக்குப் போனதையும் நம்பல்ல, கண்டலில நிண்டதையும் நம்பல்ல."

துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே பிரஷாந்தி அழுதாள், வாய்விட்டு. வாசலில் அவர் கால் ஒரு கணம் தயங்கியது.

"செய்யிறதெல்லாம் செஞ்சுபோட்டு," என்று முணுமுணுத்தார். பிறகு வெயிலுக்குள் இறங்கி, திரும்பிப் பார்க்காமல், அக்கரைக் கண்டல் தெரிகிற வாவிக்கரைப் பக்கம் நடந்தார்.