பத்திக்கு ஒரு ஹவெவர்

“ஆனாலும்னா இங்கிலீஷ்ல என்னம்மா?”

தில்லை நகர் டைப்பிங் சென்டரில் வேலை கேட்டு வந்த அன்று பெலிண்டாவிடம் முதலாளி ஜெபராஜ் கேட்ட ஒரே கேள்வி அதுதான். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள், தரையைப் பார்த்துக்கொண்டே “பட்” என்றாள்.

“பட்னு எழுதுனா லீவ் லெட்டர். ஹவெவர்னு எழுதுனாத்தான் தீசிஸ்!”

கடையின் வழக்கமே அதுதான். ஹவெவர், தேர்ஃபோர், மோர்ஓவர், நெவர்தலெஸ் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்தார். டைப் அடிக்கும்போது பத்திக்கு ஒன்றாக, வரிசை மாறாமல் நுழைத்துவிட வேண்டும். ஆய்வு மாணவர்களும் கனமாக இருக்கிறதென்று சந்தோஷமாக வாங்கிப் போனார்கள்.

அவர்களில் ஆனந்தவள்ளிதான் மாட்டிக்கொண்டாள். லால்குடிப் பக்கத்து நடவுப் பெண்களைப் பற்றிய அவளுடைய கடைசி அத்தியாயம் முழுக்க ஆய்வு வழிகாட்டி போட்ட சிவப்பு வட்டம்.

“சாயங்காலம் வீட்டுக்குப் போற வழியில கைடு இங்கயே வர்றாராம். சரியா இருந்தா கையெழுத்து. இல்லேன்னா அடுத்த வருஷம்தான்” என்று அழாத குறையாக நின்றாள். கைடு பிலோமின்ராஜ், ஒரு கமாவுக்கே கால் மணி நேரம் பேசுகிறவர்.

“வட்டம் போட்ட எடத்துல வரிசையை மாத்திப் போட்டுரும்மா” என்று சொல்லிவிட்டு ஜெபராஜ் மலைக்கோட்டைக்குப் பேப்பர் வாங்கப் போய்விட்டார்.

வாடிக்கையாளரிடம் வாய் திறந்தே பழக்கமில்லாத பெலிண்டா, இன்று திறந்தாள். “அக்கா, நீங்க என்ன சொல்ல வந்தீங்க? தமிழ்ல சொல்லுங்க.”

“வாய்க்கால்ல தண்ணி வரல. நடவு நடக்கல.”

“இங்க, தண்ணி வரல, இருந்தாலும் நடவு நடக்கலன்னு இருக்குக்கா.”

ஆனந்தவள்ளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “எங்கப்பா கேட்டா மம்பட்டியத் தூக்கிருவாரு! அதனாலதான்டி நடக்கல. தேர்ஃபோர் போடு.”

அவள் தமிழில் சொல்லச் சொல்ல, இவள் திருத்தினாள். காரணம் சொன்ன இடத்தில் தேர்ஃபோர், பேச்சு எதிர்ப்பக்கம் திரும்பிய இடத்தில் ஹவெவர். முக்கால்வாசி இடங்களில் எதுவுமே தேவைப்படவில்லை. நெவர்தலெஸ் ஒன்றே ஒன்று மிஞ்சியது: கூலி குறைந்தும் இருளாயி என்ற பெண் நடவை விடவில்லை என்ற வரியில்.

திரும்பி வந்த ஜெபராஜ் பதறினார். “என்னம்மா, தீசிஸ் இப்படி இளைச்சுப் போச்சு!”

அதற்குள் பிலோமின்ராஜ் வந்துவிட்டார். நின்றபடியே சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு புரட்டினார். பெலிண்டா மானிட்டருக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டாள். இருளாயி வரியில் பேனா நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

நீலப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். எட்டி, மானிட்டரில் இருந்த சீட்டை உரித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.