கணையத்துக் கல்லும் கள்ளுக்கடைப் பின்வாசலும்

குட்டநாட்டில் அந்தப் படகுத்துறையில் ஈப்பச்சனைத் தெரியாதவர் கிடையாது. மாதா கோவில் மதுவிலக்கு சங்கத்துக்குப் பன்னிரண்டு வருஷமாக அவர்தான் செயலாளர். வயிற்றுவலியும் அதே பன்னிரண்டு வருஷமாகத்தான். வலி வந்துவிட்டால் மனுஷன் நடுவீட்டில் மண்டி போட்டு, நெற்றியைத் தரையில் முட்டிக்கொண்டு கிடப்பார்.

கணையக் குழாயில் கல் என்று ஸ்கேனில் தெரிந்ததும் ஊருக்கு ஒரே கொண்டாட்டம். கணையம் கெட்டால் குடிதான் காரணம் என்று படகுத்துறையில் ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிட்டார்கள். போதாததற்கு, கள்ளுக்கடைப் பின்வாசல் வழியாக அவர் நழுவியதை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள்.

ஊர் எக்கேடும் கெடட்டும். பெண்டாட்டி சோசாம்மாவும் நம்பவில்லையே என்பதுதான் அவருக்கு வலியைவிடப் பெரிய வலி. வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். சாயங்காலம் அவர் வந்ததும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்கிற சாக்கில் மூக்கை அவர் வாயருகே கொண்டுபோவாள். ஏலக்காய் மணக்கும். ஆம்பிளைகள் எதை மறைக்க ஏலக்காய் மெல்வார்கள் என்று எந்தப் பெண்ணுக்குத் தெரியாது?

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுலேகாவும் எடுத்த எடுப்பில் அதைத்தான் கேட்டார்.

"தினம் எவ்வளவு குடிப்பீங்க?"

"மோரு ரெண்டு டம்ளர், டாக்டரம்மா."

"குடிக்காதவங்களுக்கும் நம்ம பக்கம் இந்த நோவு வரும்மா," என்று டாக்டர் சோசாம்மாவிடம் சொன்னார். நோயாளியின் மானத்தைக் காப்பாற்றுகிறார் பாவம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் வெளியிலிருந்தே அதிர்வலை கொடுத்துக் கல்லைப் பொடியாக்கினார்கள். மூன்றாம் நாள் மயக்க ஊசி போட்டு, வாய் வழியாகக் குழாயை இறக்கி, கணையத்தின் வாயைக் கொஞ்சம் கீறிப் பொடியை எல்லாம் துடைத்து எடுத்தார்கள். வயிற்றில் ஒரு தையல்கூட இல்லை.

"அரை மயக்கத்துல இருக்காரு. என்னத்தையாவது உளறுவாரு, கண்டுக்காதீங்க சேச்சி," என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள். சொல்லியிருக்கவே கூடாது. சோசாம்மா திரையை இழுத்து மூடிவிட்டு அவர் காதோரம் குனிந்தாள்.

"இச்சாயா, எத்தனை வருஷமா?"

"பன்னெண்டு..." ஈப்பச்சனின் நாக்கு குழறியது.

அவள் இன்னும் கிட்டே குனிந்தாள். "எவ்வளவு?"

"ஒரு பிளேட்டு... சில நாள் ரெண்டு."

"பிளேட்டா?"

"கள்ளுக்கடை வாத்து... தாறாவுக் கறி. தேங்காப்பால் விட்டு, மேல எண்ணெய் மிதக்க... கப்பக் கிழங்கு தனியா. சோசாம்மாகிட்ட சொல்லிடாதே. அவ பயத்தங்கஞ்சி... மனுஷன் குடிப்பானா அதை?"

"கள்ளு?"

"சீ! நான் செயலாளர்டீ."

சோசாம்மாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பன்னிரண்டு வருஷம் வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று அழுதாள். பின்னாலேயே கோபம் வந்தது. எண்ணெய் ஆகாது என்று டாக்டர்கள் சொன்னதற்காகத் தாளிக்காத கஞ்சியை அவளும்தானே கூடவே குடித்தாள்! தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். மயக்கம் நன்றாகத் தெளிந்துவிட்டது.

"நான் ஏதாவது சொன்னேனாடீ?"

"ஜெபம் சொன்னீங்க."

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் வலி எட்டிப் பார்க்கவில்லை. ஒரு மாசத்துக்குக் கஞ்சிதான் என்று டாக்டர் உத்தரவு. சோசாம்மா பொத்தானைச் சரிசெய்ய வருவதையும் விட்டுவிட்டாள். அவள் கண்ணில் பழைய சந்தேகம் இல்லை என்பதைக் கண்டு ஈப்பச்சனுக்கு மனசு நிறைந்துபோயிற்று. எப்படித் தீர்ந்தது என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனவள் தாமதமாகத் திரும்பினாள். கஞ்சிக் கிண்ணத்தை அவர் முன்னால் வைக்கக் குனிந்தபோது ஏலக்காய் மணந்தது. ஈப்பச்சனின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. பன்னிரண்டு வருஷத்து மூக்கு வேலையை இப்போது அவர் செய்தார். ஏலக்காய்க்கு அடியில் தேங்காய்ப்பால், மிளகு, தாறாவு!

"ஏடி... பின்வாசல் வழியாவா போனே?"

"முன்வாசல் வழியாத்தான்," என்றாள் சோசாம்மா. "எனக்கென்ன, நான் செயலாளரா?"