திறந்த கதவைத் தட்டியவர்

இப்போதெல்லாம் போலீஸ்காரர்கள் என் கட்சிக்காரர்களின் வீட்டுக்குள் வாசல் வழியாக வருவதே இல்லை, கைபேசி வழியாக வந்துவிடுகிறார்கள். செருப்பைக் கழற்றும் சிரமம்கூடக் கிடையாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புயலின் ஞாபகம் வந்துவிடும். எதிராளியை நினைத்து ஏங்குகிற வக்கீல் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

புயல் என்பது ஓர் இன்ஸ்பெக்டருக்கு ஊர் வைத்த பெயர். ஜீப் நிற்பதற்குள் குதித்துவிடுவாராம். அந்தப் பெயரைக் கேட்டால் அவர் கோபப்பட மாட்டார், மீசையைத் தடவிக்கொள்வார்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் அவர் ஒரு கடிகார ரிப்பேர்க்காரரைப் பிடித்தார். கட்டிலுக்கு அடியில் ஒரு பை. பை நிறையத் திருட்டுக் கைக்கடிகாரங்கள். மறுநாள் ரிப்பேர்க்காரரின் மனைவி என் அறைக்கு வந்து, நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றாள்.

"அண்ணா, அவர உள்ள போட்டுட்டா ரெண்டு பிள்ளைங்கள வெச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?"

எடுத்தாரா, இல்லையா என்று நான் கேட்கவில்லை. நான் துணிக்கடைக்காரர் வீட்டில் பிறந்தவன். துணி எதற்கு என்று கேட்டால் வியாபாரம் கெட்டுவிடும்.

வழக்கின் உயிர் பையில் இல்லை, கதவில் இருந்தது. நீதிபதியின் உத்தரவு இல்லாமல் போலீஸ் ஒரு வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் வீட்டுக்காரர் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் போய் எடுத்தது வழக்கில் செல்லாது. புயலிடம் உத்தரவு இல்லை. 'தட்டினோம், அவரே திறந்து உள்ளே அழைத்தார்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

"காய்ச்சல்னு படுத்திருந்தேன் சார். வீட்டுல யாரும் இல்ல. கண்ணத் தொறந்தா கட்டில் பக்கத்துல பூட்ஸ் நிக்குது" என்றார் ரிப்பேர்க்காரர்.

பூட்ஸ் பேச்சு பெரிதா, காய்ச்சல்காரர் பேச்சு பெரிதா என்பது கோர்ட்டில் தலைக்கு மேல் முனகிக்கொண்டிருந்த மின்விசிறிக்குக்கூடத் தெரியும்.

எங்கள் கடைக்கு வரும் கெட்டிக்காரப் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நீலத் துணிதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, பச்சைத் துணியை இறக்கச் சொல்லி அதற்கு மல்லுக்கட்டுவார்கள். சாயம் போகும் என்பார்கள், நெசவு மட்டம் என்பார்கள். அப்பா பச்சையின் மானத்தைக் காப்பாற்றுவதிலேயே தொண்டை வற்றிப்போவார். நீலத்தை அவர்கள் போகிற போக்கில் அள்ளிக்கொண்டு போவார்கள்.

சாட்சிக் கூண்டில் ஏறி நின்ற புயலிடம் நான் கதவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பச்சையை இறக்கச் சொன்னேன்.

"இன்ஸ்பெக்டர் சார், நீங்க கட்டில்கிட்ட போய்ச் சேர ரொம்ப நேரம் ஆயிடுச்சு, இல்லையா?"

"யார் சொன்னது?"

"வயசாகுதில்ல, பரவால்ல சார். அந்த நேரத்துல வேற யாரோ பைய உள்ள தள்ளிட்டு பின்பக்கமா ஓடியிருக்கலாம்னு சொல்றேன்."

அவர் மீசை துடித்தது. "ஓடறதா? நான் போனா ஈ கூட வெளிய போகாது!"

"சும்மா சொல்லாதீங்க சார். அவரு எழுந்து, முகம் கழுவி, பைய மறைச்சி வெக்கற அளவுக்கு நேரம் இருந்திருக்கு."

"எழுந்தாரா? நல்லா இருக்கே! ஜீப்ப விட்டு இறங்குன வேகத்துல கட்டில்கிட்ட நிக்கறேன். மனுஷன் அப்பவும் குறட்டை விட்டுட்டு இருக்காரு. போர்வைய இழுத்ததே நான்தான்!"

"அப்படியா? நீங்க வேகம்தான் சார், ஒத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீதிபதியம்மா எழுதுவதை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்ப கதவைத் தொறந்தது யாரு?"

புயல் மீசையைத் தடவப் போன கையை இறக்கிக்கொண்டார்.

வழக்கு விழுந்தது. ரிப்பேர்க்காரர் தன் மனைவியின் தோளைப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்து போனார். நான் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டவர், "ஜெயிச்சிட்டியா? ரொம்ப சந்தோஷம். நாளையிலேர்ந்து கடைக்கு இன்னொரு பூட்டு போட்டுடறேன்" என்றார்.

அன்று கோர்ட் வாசலில் புயல் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "வக்கீல் சார், வீட்டுல என்ன தொழில்?"

"துணிக்கடை."

"நெனச்சேன். வேண்டாத துணிய என் தலையில கட்டிட்டீங்களே!"

அதற்குப் பிறகு நாங்கள் எத்தனையோ வழக்குகளில் மோதிக்கொண்டோம். கடைசியாக, அவர் ஓய்வு பெறப்போகும் சமயம். கொட்டுகிற மழையில் என் வீட்டு வாசலில் தட்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கதவு திறந்தேதான் கிடக்கிறது. மீசையில் தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் திறந்த கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். என் கட்சிக்காரர் ஒருவர் என்னிடம் விட்டுப்போன பெட்டியைத் தேடித்தான் புயல் வந்திருந்தார்.

"உத்தரவு இருக்கா சார்?"

"இருக்கு. கொஞ்சம் நனைஞ்சிடுச்சு."

"அப்புறம் எதுக்கு மழையில நிக்கறீங்க?"

"நீங்க வாயால கூப்பிடணும். நான் சூடு பட்டவன்."

"உள்ள வாங்க சார்" என்றேன். அதன் பிறகுதான் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலை உள்ளே வைத்தார். என் மனைவி கொடுத்த துண்டில் முதலில் உத்தரவைத் துடைத்தார், பிறகு தலையை.

பெட்டியோடு போனார். அந்த வழக்கில் நான் சுத்தமாகத் தோற்றேன். மனிதர் அவ்வளவு ஒழுங்காகத் தட்டியிருந்தார்; பேரம் பேச எனக்கு ஒரு முழம் துணிகூட மிச்சம் வைக்கவில்லை.