மூன்றாவது சிலிண்டர்

பந்தயத் திடலில் அவளை எல்லோரும் மின்னல் என்பார்கள். அவனுக்குத் தனிப் பெயர் கிடையாது. மின்னலோட புருஷன், அவ்வளவுதான். மனைவி ஓட்டும் அந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பதால், அந்தப் பெயரில் அவனுக்கு உள்ளூரப் பெருமை.

அந்த ரகக் கார்களுக்கு இன்னும் பத்து நாளில் கடைசிப் பந்தயம். அதன்பிறகு புதிய வண்டிகளுக்குத்தான் அனுமதி. குளிர்காலம் முடிந்து வண்டியை வெளியே எடுத்த நாளிலிருந்து என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் குறைந்துகொண்டே வந்தது. தினம் ஒரு தம்ளர். தரையிலோ ஒரு சொட்டு ஈரமில்லை.

ரேடியேட்டர் வாயில் பிரஷர் பம்பைப் பொருத்திக் காற்றடித்தான். பதினைந்தில் நின்ற முள் இருபது நிமிடத்தில் பதினொன்றுக்கு இறங்கியது. எங்கோ கசிகிறது. ரப்பர் குழாய்களை விரலால் தடவினான், வாட்டர் பம்பின் அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்த்தான், கால்மிதியைத் தூக்கி ஹீட்டரைத் தொட்டான். எல்லாம் காய்ந்து கிடந்தன. கடைசியில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினான். நான்கில் மூன்று கரி பிடித்திருந்தன. மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் கழுவித் துடைத்தாற்போல் பளபளத்தது. தண்ணீர் உள்ளே போய் ஆவியாகிக்கொண்டிருக்கிறது.

ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இரண்டு நாள் வேலை என்று அவளிடம் தெம்பாகச் சொன்னான். என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியபோது, அடியிலிருந்த கேஸ்கெட் தகடு முழுசாக இருந்தது. சிலிண்டர் சுவரில் சிவப்புச் சாயத்தைப் பூசி, துடைத்து, மேலே வெள்ளைப் பொடியை அடித்துவிட்டுக் காத்திருந்தான். வெள்ளையில் விரல் நீளத்துக்குச் சிவப்பாக ஒரு கோடு மெல்ல ஊறி வந்தது. என்ஜினின் உடலான பிளாக்கே விரிசல். பக்கவாட்டில், உள்ளே தண்ணீர் உறைந்தால் பிதுங்கி வழிவிடும் இரும்பு மூடி, நகக்கனம் வெளியே தள்ளியிருந்தது.

அதைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

குளிர் தொடங்கும்போது எதையோ சோதித்துப் பார்ப்பதற்காக, குளிரில் உறையாத கூலண்டை வடித்து வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தான். மறுநாள் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். மறுநாள் விடியற்காலையில் அவன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியே கதி. அந்த வாரம்தான் குழாய்த் தண்ணீர்கூட உறைந்தது. நடுவில் மனைவி ஒருமுறை, தண்ணீரை மாற்றியாயிற்றா என்று நினைவுபடுத்தியிருந்தாள்.

வேறு பிளாக் கிடைக்குமா என்று இரண்டு நாள் ஊர்ப்பட்ட பேருக்குப் போன் செய்தான். அந்த பிளாக்கையெல்லாம் உருக்கி எத்தனையோ வருடமாகிறது என்றார் பழைய இரும்புக்காரர். வேறு வழியில்லாமல் அவளைக் கொட்டகைக்குக் கூப்பிட்டுக் கோட்டைக் காட்டினான். மூடியையும் காட்டினான். அவள் குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“தண்ணி உறைஞ்சுதான?”

“ஆமா.”

“ஆஸ்பத்திரியில நான் கேட்டேனே.”

“கேட்ட. ஆச்சுன்னு சொன்னேன்.” துணியால் கையைத் துடைத்தான். “உன்னையும் எதுக்குக் கவலைப்படுத்தணும்னு... வீட்டுக்குப் போனதும் மாத்திடலாம்னு நெனச்சேன்.”

“ஆகலைன்னு சொல்லியிருந்தா நானே வந்து மாத்தியிருப்பேங்க. பத்து நிமிஷ வேலை.”

விரிசலை அடைக்கும் திரவம் ஒன்று இருக்கிறது, ஊற்றினால் ஒருவேளை நாலு சுற்று தாங்கலாம் என்று முணுமுணுத்தான். பாதியில் பிய்த்துக்கொண்டால் பின்னால் வருகிறவன் சக்கரம் அல்லவா அந்தத் தண்ணீரில் வழுக்கும் என்று அவள் கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது. அவள் கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பந்தயத்தன்று அவள் மட்டும் போய், வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தாள். யார் ஜெயித்தார்கள் என்று அவளே சொன்னாள், மழை வந்ததையும் சொன்னாள். வண்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சில நாள் கழித்து இருவரும் அவன் அம்மாவைப் பார்க்கக் கிளம்பினார்கள். அவன் சமையல் கேஸை மூடிவிட்டு வந்து செருப்பை மாட்டினான். மூடியாச்சா என்று அவள் கேட்கவில்லை. கைப்பையை வாசலில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய், குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு வந்தாள்.