மூன்று ஷிஃப்ட்டின் ஒருமித்த கருத்து

ஒரகடத்து மக்களின் மனசாட்சியாக விளங்கும் பெரும் பொறுப்பு இராமச்சந்திரனின் தோளில் இருந்தது. மாடியில் அவர் வாடகைக்கு விட்டிருந்த நான்கு அறைகளும் அதே தோளில்தான் இருந்தன. தொழிலாளர்களுக்குக் குறைந்த விலையில் அரசு வீடு கட்டலாமா என்று கருத்துக் கேட்க ஆள் வருகிறதாம். கட்டினால் அறைகள் காலி. ஆகவே மக்கள் வேண்டாம் என்றார்கள். மக்களிடம் இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உதிரிபாகம் வராமல் கார் தொழிற்சாலையில் லைன் நின்று, அன்று மூன்று ஷிஃப்ட்டுக்கும் விடுமுறை. குடியிருந்த முப்பத்தாறு பேரும் ஒரே நேரத்தில் கிடைத்ததில் அவர் பூரித்துப்போனார்.

“இன்னா கேட்டாலும், இங்கயே சொகமா கீறோம், கவர்மெண்ட்டு வூடு வாணாம்னு கை தூக்கணும். ஆளுக்கொரு பிரியாணி. அவங்கவங்க ரூம்ல போய் நில்லுங்க!”

போனார்கள். வேலையும் வார விடுமுறையும் மாறி மாறி வந்ததால், முப்பத்தாறு பேரை அந்த வீடு ஒன்றாகப் பார்த்ததேயில்லை. ஒரு பாயில் மூன்று பேர் முறைவைத்துத் தூங்கும் அறைக்குள் ஒன்பது பேர் இறுகி நின்றார்கள்.

“அண்ணாச்சி, நீங்க யாரு?” என்றான் தென்காசிக்காரன் அருள்பாண்டி.

“பிச்சையா. ஏ ஷிஃப்ட்டு. ஜன்னலோரப் பாயி.”

“அட, அது என் பாயில்லா! தலகாணில எண்ணெய வழியவிடுதது நீங்கதானா?”

“ஒரு வருசமா உன் மிக்சர் தூள்ல படுத்துக் கெடக்கேன், அத யாருட்ட சொல்ல?”

ஒரு மூலையில் சிரித்தால் மறு மூலை தானாகக் குலுங்கியது.

படிவத்தோடு வந்த கவியா நடையில் நின்று எட்டிப் பார்த்தாள். “ஒரு ரூம்ல எவ்ளோ பேருங்க?”

“மூணு பேரு மேடம்,” என்றார் இராமச்சந்திரன், படிக்கட்டிலிருந்து. “மீதியெல்லாம் விருந்தாளிங்க.”

“சரி. கவர்மெண்ட் வீடு வேணாம்னு சொல்றவங்க?”

“தூக்குங்கப்பா! பிரியாணி!”

உள்ளே பெருமுயற்சி நடந்தது. நேர்மையான முயற்சிதான், கீழே அண்டா திறந்திருந்தது.

“ஓனர், கை வரமாட்டேங்கு!” என்று அருள்பாண்டி கத்தினான். “பிச்சையா அண்ணாச்சி விலாவுல மாட்டிக்கிட்டு!”

“வேணும்னு சொல்றவங்க?” என்றாள் கவியா. “வாயால சொன்னாலே போதும்.”

“வேணும்!” என்றது வீடு.

‘வேண்டாம்’ என்ற கட்டத்தில் அவள் ஒன்று என்று எழுதினாள். அது இராமச்சந்திரனின் கை. அவர் படிக்கட்டில் நின்றிருந்தார். உள்ளே அவருக்கு இடம் இல்லை.