உறை மாறிய பதில்

சட்டசபையில் கல்லூரிக்குச் சாதகமாக உறுப்பினர் கேட்க வேண்டிய கேள்வியையும் கல்லூரி டைப்பிஸ்ட்தான் அடிப்பாள். அதற்குக் கல்வித்துறை சொல்ல வேண்டிய பதிலையும் அவளேதான் அடிப்பாள். கேள்வி பழுப்பு உறையில் உறுப்பினருக்குப் போகும், பதில் வெள்ளை உறையில் துறைக்குப் போகும். அந்த வாரம் அசதியில் உறை மாறிவிட்டது.

உறுப்பினர் கொடுத்ததை அப்படியே படிக்கிற ஆள். "ஆம். அரசு மானியத்தில் கட்டிய விடுதியில் இருநூற்று நாற்பது மாணவிகள் தங்கியுள்ளனர். இரண்டாவது விடுதிக்கான மானியம் பரிசீலனையில் உள்ளது" என்று படித்துவிட்டு உட்கார்ந்தார். சபை சிரித்தது. கேள்விக்கு முன்னால் பதில் எப்படி வந்தது என்று எதிரணி பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை விடுதியைப் பார்க்கத் தணிக்கைக் குழு வருவதாக முடிவானது.

விடுதியில் ஒரு மாணவியும் இல்லை. அது தாளாளரின் விருந்தினர் மாளிகை. ஊழியர் குடும்பத்துக்கான கட்டணச் சலுகையில் அதே கல்லூரியில் படிக்கும் டைப்பிஸ்டின் தங்கை தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறாள். மூன்று முறை விடுதியில் இடம் கேட்டாள். 'இடமில்லை' என்ற கடிதங்களை அடித்ததும் அக்காதான்.

உறை மாறியதற்குக் கல்லூரி மேலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"உன்னைத் தூக்கச் சொன்னாங்க. நான்தான் தள்ளிப்போட்டிருக்கேன். கட்டில் வாடகைக்கு வருது, ஆளும் வேணும். உன் தங்கச்சியப் பெட்டியோட வரச் சொல்லு. ரெண்டு வருஷமா இங்கதான்னு சொல்லணும். சொன்னா அந்தக் கட்டில் அவளுக்கே."

வீட்டில் தங்கை கேட்டாள், "சொல்லலன்னா?"

"என் வேலை போகும். உன் சலுகையும் போகும்."

"அப்ப சொல்லித் தொலைக்கிறேன். நீ சாப்பிடுக்கா."

வெள்ளிக்கிழமை மாளிகையில், வரவழைத்த மாணவிகள் எல்லாரும் கட்டிலுக்கு ஒருத்தியாக உட்கார்ந்திருந்தார்கள். பதிவேட்டோடு அக்கா வாசலில் நின்றாள். தணிக்கைக்காரர் தங்கையிடம் வந்தார்.

"எவ்வளவு நாளா இருக்கே?"

"ரெண்டு வருஷமா சார்."

"கை கழுவணும். குளியலறை எங்கம்மா?"

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்காவுக்கும் தெரியவில்லை.

"ரெண்டு வருஷமா குளிக்கலையா?" என்றார் அவர், சலிப்போடு.

தங்கை எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "எனக்கு இங்க இடமே குடுக்கல சார். மூணு தடவ எழுதிக் கேட்டேன்."

அவர் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் மேலாளர் அக்காவின் மேசைக்கு வந்தார். "உன்னை வேலையை விட்டு எடுக்கிற கடிதம். நீயே அடிச்சிடும்மா. வேற யாருக்கும் அடிக்கத் தெரியாது."

அடித்தாள். உறையில் போட்டாள். மேலே எழுதியிருப்பது தன் பெயர்தானா என்று இரண்டு தடவை பார்த்த பிறகே ஒட்டினாள்.